செல்வமேரியின் ஆள்காட்டி விரல்

செல்வமேரி அக்கா அனகாபுத்தூரில் இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைப்பவர். எங்கள் தெருவில் அவர் கை படாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. போன ஆகஸ்டில் கண்ணாடி டம்ளர் உடைந்து வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன. ஆள்காட்டி விரலில் மட்டும் உணர்ச்சியே இல்லை. இஸ்திரிப் பெட்டி பட்டுக் கொப்பளித்ததைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஊசி பிடிக்கும் விரல் அது. "நரம்பு மெதுவாத்தான் வளரும்மா" என்றார் டாக்டர். ஒன்பது மாதமாகத் தையல் மிஷின் போர்வைக்குள் கிடந்தது. மனுஷிக்கு எப்படி இருக்கும்!

நான் மேல் வீட்டு ஷ்யாம்சுந்தர். சிறுசேரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டில் பைத்தியம். புழுவெல்லாம் கிடையாது. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் மெத்தென்று விழவைத்து மீனை ஏமாற்ற வேண்டும். மே மாதம் மண்ணிவாக்கம் பக்கத்து ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கெண்டைகள் ஒரே குழியில் கூடிக் கிடக்கும். அப்படியும் நாலு வாரமாக ஒன்றுகூட மாட்டவில்லை, கர்மம்!

"நானும் வரேம்பா. வூட்ல குந்திகினு வெரலையே பாத்துகினு இருந்தா பேஜாரா கீது" என்று அக்கா ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

ஓடைக்கரையில் என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இன்னா ஷ்யாமு, அடி மண்ணு வரைக்கும் தெரியுது. மஞ்சா பனியனப் போட்டுகினு நட்டமா நின்னா மீனு வருமா? குந்துப்பா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீங்களே போடுங்க!" என்று கோலை நீட்டினேன்.

அவர் குந்தி உட்கார்ந்தார். கோல் வலது கையில்; நூலை அந்த மரத்த விரலுக்கும் கோலுக்கும் நடுவே கொடுத்து அழுத்தச் சொன்னேன். மூன்று முறை முள்செடியில் மாட்டியது. நாலாவது முறை தண்ணீரில் விழுந்தது. வெயில் கூசியதில் பூச்சி எங்கே மிதக்கிறதென்று இருவருக்குமே தெரியவில்லை.

"ஷ்யாமு! இஸ்குதுப்பா!"

"தூக்குங்கக்கா, தூக்குங்க!"

அவர் தூக்கவில்லை. மீன் கழன்று போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "நாலு வாரமா தவம் கெடக்கறேன், கைக்கு வந்ததை விட்டுட்டீங்களே!"

அக்கா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெரல்லப்பா," என்றார். "வெடுக்குனு இஸ்துச்சு. கண்ணால பாக்கல, இந்த வெரல்லதான் தெரிஞ்சுது."

அக்கா அழுதார். அழுதுகொண்டே நூலை மறுபடியும் அதே விரலுக்கடியில் கொடுத்தார்.

"நீ பேசாம இரு. இன்னொருவாட்டி போட்டுப் பாக்கறேன்."