மார்ச் ஒன்றிலேயே நின்ற கம்ப்யூட்டர்

சின்னமனூர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்த கர்ணன், பாட்டுகளுக்கு நோட்ஸ் எழுத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் தேடினார். விலையைக் கேட்டு மலைத்துப்போய், முப்பது நாள் மட்டும் ஓசியில் ஓடுவதைப் போட்டுக்கொண்டார். கெடு முடியும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதியை, அதைப் போட்ட நாளான 2004 மார்ச் ஒன்றுக்கே திருப்பி வைப்பார். அதுவும் ஏமாந்து மறுபடி ஓடும். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

"களையெடுக்கையில நான் பாடுறதையும் எழுதுங்களேன்," என்று மனைவி மாயக்காள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இரு புள்ள, இன்னும் முப்பது நாள் கெடக்குல்ல."

மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் மாயக்காள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர், பழக்கத்தில் தேதியைத் திருப்பினார். மறுபடி மார்ச் ஒன்று. திரையில் நோட்ஸ் எழுதும் ஐந்து கோடுகளும் காலியாகக் காத்திருந்தன. அவள் பாட்டு எப்படித் தொடங்கும் என்றுகூடக் கர்ணனுக்குத் தெரியவில்லை.