அக்கா வாசலில் நின்ற எலுமிச்சை

பிள்ளைகளே, செடிக்கு வரும் நோய் தானாக நடந்து போகாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பேட்டையில் எங்கள் மாடியில் அதைத் தூக்கிப் போனது எள்ளளவே இருந்த ஒரு பூச்சி.

பக்கத்து வீட்டு அக்கா தனியாக இருப்பவர். முன்பு இருந்த பழைய அடுக்குமாடி புளோக்கை இடிக்கப்போகிறார்கள் என்று இங்கே வீடு மாறியபோது, எதையெதையோ விட்டுவிட்டு, ஓர் எலுமிச்சைச் செடியை மட்டும் தொட்டியோடு கொண்டுவந்தார். அவர் வாசலில் அது நின்றது. என் வாசலில் கறிவேப்பிலை.

சீனப் புத்தாண்டு முடிந்ததும், வீட்டில் அழகுக்கு வைத்த குட்டி ஆரஞ்சுச் செடிகளைப் பலர் கீழே குப்பைத்தொட்டி அருகே விட்டுவிடுவார்கள். அக்கா ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, பழத்தோட நிக்குது, பாவம்லா. தூக்கிட்டு வாங்க."

"வைக்க எடம் எங்கக்கா?"

"நம்ம ரெண்டு செடிக்கும் நடுவுலதான். பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்துக்கட்டும்."

தூக்கி வந்தேன். சில மாதங்களில் எலுமிச்சை இலைகளில் மஞ்சள் திட்டு விழுந்தது. இலையின் ஒரு பாதி போல மறு பாதி இல்லை. அக்கா உரம் போட்டார், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். காய்கள் கோணலாகி, கசந்தன.

என் மகள் போனில் தேடிப் படித்தாள்.

"அப்பா, அந்த ஆரஞ்சு வரும்போதே சீக்குலா. பூச்சி அதுல சாறு குடிச்சுட்டு எலுமிச்சையில போய்க் குடிக்குது. கிருமி அப்படித்தான் போகுது. கறிவேப்பிலைக்கு இந்த நோய் வராது. ஆனா பூச்சி முட்டை போடுறது அதோட கொழுந்துல."

எங்கள் கறிவேப்பிலையைப் புரட்டிப் பார்த்தேன். செடி பச்சைப்பசேல் என்று இருந்தது. கொழுந்து முழுக்கக் குஞ்சுப் பூச்சிகள், வெள்ளை மெழுகு நூல் இழுத்துக்கொண்டு. நோயே இல்லாத செடி பூச்சிகளை வளர்த்துவிட்டிருக்கிறது.

அதையும் ஆரஞ்சையும் வெட்டிப் பையில் கட்டினேன். அக்கா தன் செடிக்கு முன்னால் நின்று என் மகளிடம் கேட்டார்.

"மருந்து ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்ல ஆன்டி. எடுத்துடணும். கீழ் வீட்லயும் லைம் செடி வச்சிருக்காங்க, பூச்சி அங்கயும் போயிடும்."

"அப்ப ஒரே ஒரு கிளை. இது நல்லாத்தானே இருக்கு? தனியா நட்டுக்கறேன்."

"அதுக்குள்ளயும் இருக்கும் ஆன்டி."

அக்கா அந்தக் கிளையை முகர்ந்தார். பிறகு கத்திரியை என்னிடமிருந்து வாங்கி, அடித்தண்டில் தானே வைத்தார். தண்டு வெட்டுப்படவில்லை. என் கையையும் மேலே வைத்து அழுத்தச் சொன்னார்.