போகிக் குழம்பில் உப்பு

படையலுக்குச் சமைக்கிறவர் உப்பு பார்க்கக் கூடாது. கற்பூரம் காட்டி முடிகிறவரை குழம்பின் ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது. கரண்டியை மூக்கருகே கொண்டுபோனால்கூடக் குற்றம்தான். எங்கள் வீட்டில் இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. யாரும் மீறியதும் இல்லை. மற்ற நாட்களில் சாமி அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத என் தம்பி, போகியன்று வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

போகி மாலையில், இறந்துபோன பெரியவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அப்பா போன பிறகும் அம்மா அதைச் செங்கல்பட்டில், நான் இப்போது இருக்கும் இந்த வீட்டில்தான் செய்துவந்தாள். பிறகு அம்மாவும் போனாள். பண்டிகை இல்லாத ஓராண்டு கழிந்து, இந்தப் போகிதான் முதல் படையல். அம்மாவுக்கும் ஒரு புடவை வாங்க வேண்டியிருந்தது.

கார்த்திகை மாதமே தம்பி போனில் தொடங்கிவிட்டான். கோவளம் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறான். பெரிய கூடம், கார் நிறுத்த இடம்.

"அண்ணா, இனிமே எங்க வூட்லயே வெச்சிக்கலாமே. உங்களுக்கு இன்னாத்துக்குச் சிரமம்? அண்ணிக்கு வேற டூட்டி."

அது உண்மைதான். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். போகியன்று சாயங்காலம் சீக்கிரம் விட வேண்டுமென்றால் பொங்கலன்று காலையில் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே சமையல் என் பொறுப்பு. சமையல் எனக்குப் புதிதல்ல. அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் நான்தான் சமைத்தேன். ஆனால் கல்பாக்கத்தில் இருக்கும் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆம்பள கரண்டி புடிச்சி அம்மாவுக்குப் படைக்கப் போறியா? நல்லாத்தான் கீது. சின்னவன் கூப்புடறான்ல, அங்கயே போயிடலாம்டா."

"இந்த ஒரு வருஷம் பாருங்க. சரியா வரலன்னா அடுத்த வருஷத்துல இருந்து கோவளம்தான்" என்று இருவரிடமும் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. படையல் கோவளத்துக்குப் போய்விட்டால், அவர்கள் இருவரும் இந்த வீட்டுக்கு வருவதற்கு வேறு காரணமே கிடையாது. பத்திரம், வரி ரசீது என்று ஏதாவது இருந்தால் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை உண்டு. அம்மாவின் கைக்கு உப்பு தப்பாது. போகிக் குழம்பு மட்டும் ஆண்டு தவறாமல் கரிக்கும். ருசி பார்க்காமல் வைத்தால் அப்படித்தான் என்று அம்மா முணுமுணுப்பாள். "மேல போனவங்களுக்கு அங்க உப்பு கெடைக்காது. அதான் சேத்து இழுக்கறாங்க" என்று அப்பா கேலி செய்வார். எல்லோரும் மோரை ஊற்றிச் சமாளித்துக்கொள்வோம். ஆண்டுக்கொரு முறை கூடிச் சாப்பிடும் சாப்பாடு ஏன் இப்படி ஆக வேண்டும்? ருசி பார்க்காமலே உப்பைச் சரியாகப் போட முடியும். அளந்தால் போதும்.

மார்கழி ஞாயிறுகளில் அதே பித்தளைப் பாத்திரத்தில் அதே குழம்பை வைத்துப் பார்த்தேன். முருங்கைக்காய், கத்திரிக்காய், துவரம்பருப்பு, புளி எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஏழு பேருக்கு எவ்வளவு கல் உப்பு என்று கண்டுபிடித்தேன். மூன்றாவது ஞாயிறு அது துல்லியமாக வந்தது.

"படையலுக்கு ரிகர்சல் பாக்கற மொத ஆளு நீங்கதான்" என்றாள் மனைவி. பிறகு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

அம்மாவிடமிருந்து ஓர் அடையாளத்தையும் எடுத்துக்கொண்டேன். உப்பு போட்ட பாத்திரத்தின் மூடிமேல் அம்மா ஓர் இணுக்குக் கறிவேப்பிலையை வைப்பாள். பல பாத்திரங்கள் ஒரே நேரத்தில் கொதிக்கும்போது எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று குழம்பாமல் இருப்பதற்காக. ருசி பார்க்க முடியாத சமையலுக்கு இது நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

போகியன்று விடியற்காலையிலேயே தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்து புகை வீட்டுக்குள் வந்துவிட்டது. சன்னல்களைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். மதியம் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். அத்தானுக்கு ஷிஃப்ட், வர முடியாதென்று முன்பே சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கண் அடுப்படிக்குப் போய்விட்டது.

"இது இன்னாடா, மருந்துக்கடை மாதிரி கிண்ணம் கிண்ணமா வெச்சிருக்க?"

"அளந்து வெச்சிருக்கேன். தொடாத."

"அம்மா எதையாவது அளந்தாளா? கண்ணாலயே பாப்பா."

"அதான் கரிச்சுது."

"செத்துப்போனவள கொற சொல்லிகினு படையல் போடற பாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் அவரைக்காயை என் முன்னாலிருந்து இழுத்து, நான் நறுக்கியிருந்ததையே இன்னும் பொடியாக நறுக்கத் தொடங்கினாள். பிறகு வாழைக்காயை மெல்லியதாகச் சீவியிருக்கிறேன் என்றாள். வடை மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்றாள். கூடவில்லை.

சாயங்காலத்துக்குள் பொரியலும் வறுவலும் வடையும் பாயசமும் முடிந்து சாமி அறைக்குப் போய்விட்டன. குழம்புக்கு அளந்த உப்பைப் போட்டு, மூடி, மூடிமேல் கறிவேப்பிலையை வைத்தேன். பூசணிக்காய்க் கூட்டு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு உப்பு கடைசியில்தான். அந்த நேரத்தில் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, திருக்கழுக்குன்றத்தாண்ட வந்துகினு கீறோம். செம டிராஃபிக்."

"இலை வாங்கிட்டியா?"

"இலை நானா வாங்கணும்?" என்றான்.

"உங்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. நுனி இலை."

"பேஜார் பண்ணாதண்ணா. கார்ல பாக்கு மட்டைத் தட்டு கீது. சூப்பரா கீது, கல்யாணத்துல மீந்தது."

கல்யாணத்தில் மீந்த தட்டில் அம்மாவுக்குப் படைப்பதா? போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

"அக்கா, அடுப்ப மட்டும் பாத்துக்க. எதுக்கு ஆச்சு, எதுக்கு ஆகலன்னு அடையாளம் வெச்சிருக்கேன்."

"அம்மா வெக்கறதுதானே? எனக்கே சொல்றியா? போய்ட்டு வா."

மார்க்கெட்டில் கரும்புக் கட்டுகளுக்கும் மஞ்சள் கொத்துகளுக்கும் நடுவே வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. இலைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், இப்ப வந்து நுனி இல கேக்கற? காலைலயே ஓடிப்போச்சு. ஏடுதான் கீது. வேணும்னா எடுத்துக்க."

ஏடு என்றால் நடுவில் கிழித்த துண்டு. அதிலும் பாதி ஓரம் கிழிந்தவை. அடியில் கிடந்த ஒரே ஒரு நுனி இலையை, அவள் தன் வீட்டுக்கு வைத்திருந்ததை, கெஞ்சி வாங்கினேன். அது படையலுக்கு. மற்ற எல்லோரும் ஏட்டில் சாப்பிட வேண்டியதுதான்.

திரும்பி வந்தபோது வாசலில் தம்பியின் கார் நின்றது. தெருவில் பிள்ளைகள் போகி மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் பிள்ளைகளும் அதில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். மனைவி வேலையிலிருந்து வந்து, குளித்து, படையல் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. குழம்பும் கூட்டும் சாமி அறையில் மூடாமல் வரிசையாக இருந்தன. கறிவேப்பிலையைக் காணவில்லை.

"அக்கா, கூட்டுக்கு?"

"எல்லாத்துக்கும் ஆச்சுடா. போய் இலையக் கழுவு, நேரம் ஆவுது."

அங்கே நின்று, யார் போட்டது, எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் தம்பி, "கற்பூரம் எங்கண்ணா?" என்றான். நான் கற்பூரத்தைத் தேடப் போனேன். அது நான் வைத்த இடத்தில் இல்லை. அன்று எதுவுமே நான் வைத்த இடத்தில் இல்லை.

படையல் நன்றாக நடந்தது. புடவை மேல் பூ வைத்தபோது அக்கா கொஞ்சம் அழுதாள். கதவைச் சாத்திவிட்டு வழக்கம்போல வெளியே சற்று நேரம் நின்றோம், பெரியவர்கள் சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு கூடத்தில் ஏடு போட்டு உட்கார்ந்தோம். மனைவி பரிமாறினாள். நான் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

அவன் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். அவன் மனைவி தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். அவர்களுடைய சின்னப் பையன்தான் வாய்விட்டுச் சொன்னான்:

"ஐய, ஒரே உப்பு."

நானும் வாயில் வைத்தேன். கரித்தது. கொஞ்சநஞ்சமில்லை, இரட்டிப்பு. மூன்று ஞாயிறுகளின் உழைப்பும் அதில் கரைந்துபோயிருந்தது. கூட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அதில் உப்பே இல்லை.

"அக்கா, குழம்புல நீ உப்பு போட்டியா?"

"பின்ன? மூடி மேல கறிவேப்பில இருந்துச்சே."

"கறிவேப்பில இருந்தா போட்டாச்சுன்னு அர்த்தம்."

"எவன் சொன்னான்? உள்ள போடவேண்டியது வெளிய கெடக்குதுன்னா, இன்னும் தாளிக்கல, உப்பு போடலன்னுதானே அர்த்தம்? தாளிச்சு, உப்பப் போட்டு, கறிவேப்பிலையயும் உள்ள போட்டேன். கூட்டு மேல ஒண்ணும் இல்ல. சரி, அது ஆச்சுன்னு எறக்கி வெச்சேன்."

"அம்மா அப்படிச் சொன்னாளா?"

"இதெல்லாம் சொல்லுவாங்களா? பாவாட கட்டின நாள்லருந்து பாத்துகினு கீறேன். போகிக்குப் போகி, அம்மா பூப் பறிக்கத் தோட்டத்துப் பக்கம் போவா. குழம்பு மூடி மேல கறிவேப்பில கெடக்கும். மறந்துட்டாளேன்னு நான் ஒரு கை போட்டு வெப்பேன். கல்யாணம் ஆகிப் போனப்புறமும் போகிக்கு வந்து நான்தான் போடுவேன்."

பாயசக் கரண்டியோடு நின்றிருந்த என் மனைவி அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இத்தினி வருஷமும் கரிச்சது உங்களாலயா அண்ணி?"

தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்தான், இருமினான், கண்ணில் நீர் வர மறுபடி சிரித்தான்.

"பாவம்ணா அப்பா. மேல போனவங்க இழுக்கறாங்கன்னு சொல்லிகினு இருந்தாரு. இழுத்தது இவதான்."

"சும்மா இருடா, நான் ஒரு கைதான் போட்டேன்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தம்பி இன்னொரு வாய் வைத்தான். இந்த முறை நிதானமாக மென்றான்.

"வாயில வெச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னாடா இதுன்னு பாத்தேன். அம்மா வெச்ச மாதிரியே கீது. அண்ணி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவன் மனைவி தலையைக் குனிந்தபடி, "மாமா, கூட்டையும் குழம்பையும் ஒண்ணா பெசஞ்சா சரியா இருக்கு" என்றாள். பிள்ளைகளுக்கு அப்படியே பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டார்கள். சோறு தீர்ந்து இன்னொரு உலை வைக்க வேண்டியதாயிற்று. கிழிந்த ஏடுகளில் ஒன்றிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

கை கழுவிக்கொண்டே தம்பி சொன்னான்: "அடுத்த வருஷமும் இங்கயே வெச்சிக்கலாம்ணா. எங்க வூட்ல இது வராது. ஆனா ஒண்ணு, உப்பு டிபார்ட்மென்ட் அக்காதான்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. படையல் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு நாள் சரியாக வர வேண்டும் என்று நான் நினைத்த குழம்பு, சரியாக வராததால் ஜெயித்தது. அக்கா கையை வைத்திருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பான்? "நல்லா கீதுண்ணா" என்றிருப்பான். அடுத்த வருஷம் கோவளம் என்றும் சொல்லியிருப்பான். இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கிளம்பும்போது அக்கா மிச்சக் குழம்பு முழுவதையும் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டாள். கல்பாக்கத்தில் அவளை இறக்கிவிட்டுத் தம்பி போவதாக ஏற்பாடு.

"எல்லாத்தையும் எடுத்தா எங்களுக்கு?"

"உனக்குத்தான் கரிக்குதே. அத்தான் கேப்பாரு, வருஷா வருஷம் இது வேணும் அவருக்கு" என்று சொல்லித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

பொங்கலன்று காலையில் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். பொங்கல் வைத்து முடித்து, மதியம் ஃப்ரிட்ஜிலிருந்து கூட்டை எடுத்துச் சுட வைத்தேன். முந்தின நாள் கூட்டுக்கென்று அளந்து, போடாமல் விட்ட உப்பு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. மிஞ்சிய கூட்டுக்கு ஏற்றபடி அதில் பாதியைப் போட்டுக் கலக்கி, சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்.

உப்பு மிகச் சரியாக இருந்தது. அதைச் சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.