லேட் வேறு, ஓவர்டியூ வேறு

வெர்னா ஹவுன்செல் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் கேப்ளின் துறை என்ற மீன்பிடி ஊரில் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே கோடு கிழிக்கும் பொறுப்பு பதினோரு வருடமாக அவள் கையில்தான் இருந்தது. ஒன்று லேட். மற்றொன்று ஓவர்டியூ.

வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மீன் ஆலைக்குப் புதிதாக வந்த மேலாளர் ஒருமுறை அவள் சமையலறையில் டீ குடித்தபடி, "ரெண்டுக்கும் தாமதம்னுதானேம்மா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார்.

"லேட்டுன்னா அவன் எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியும். சாப்பாடு ஆறிப்போகும், பொண்டாட்டி திட்டுவா, அதோட போச்சு. ஓவர்டியூன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வார்த்தைய நான் இதுல சொல்லிட்டேன்னா," என்று ஃபிரிட்ஜுக்கு மேல் இருந்த ரேடியோவைக் காட்டினாள், "துறையில இருக்கிற அத்தனை படகும் கயித்த அவுத்துட்டுக் கிளம்பணும். வாயில டீ இருந்தாலும் துப்பிட்டுக் கிளம்பணும். இப்பத் தெரியுதா வித்தியாசம்?"

மேலாளர் வாயிலிருந்த டீயை அவசரமாக விழுங்கினார்.

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. காலையில் கிளம்பும் ஒவ்வொரு படகும் ரேடியோவில் அவளைக் கூப்பிட்டு, எங்கே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த மணி தாண்டினால் லேட். கோடையில் இரண்டு மணி நேரம், அக்டோபர் பிறந்துவிட்டால் ஒரு மணி நேரம் அவள் பொறுப்பாள். அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து சேரவே இரண்டு மணி நேரமாகும் என்பதால், நியூஃபவுண்ட்லாந்தின் அந்த மூலையில் ஆளைத் தேடிப் போவது முதலில் துறையின் படகுகள்தான். போகும் படகுகளுக்கு அன்றைய பிழைப்பு போச்சு. அதனால் சும்மா சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்கக் கூடாது. பதினோரு வருடத்தில் ஆறு முறை சொன்னாள். ஆறும் நிமிடம் பிசகாமல்.

அவளுக்கு ஒரே தம்பி, கிளேட்டன். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, அவனுக்கு ஏழு. அப்பா மீன்பிடிக்கப் போனால் பத்து நாள் வரமாட்டார். ரொட்டி சுட்டு, கம்பளிக் காலுறை பின்னி, அவன் பல் தேய்த்தானா என்று வாயைத் திறந்து பார்த்து, அவள்தான் வளர்த்தாள். இருபத்திரண்டு வயதில் அவன் சொந்தப் படகு வாங்கியபோது துறையிலேயே அந்த வயதில் சொந்தப் படகு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதை அவள் தபால் ஆபீஸில், கடையில், சர்ச் வாசலில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அந்த வருடமே ஒரு தப்பும் செய்தாள். அப்போது ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எஃபி அத்தை. ஒரு நாள் தம்பி லேட். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. வெர்னா அழுது அடம்பிடித்து, எஃபி அத்தையை ஓவர்டியூ சொல்ல வைத்துவிட்டாள். ஏழு படகுகள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயின. பிளாக் ஹெட் முனைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, கிளேட்டன் டீயும் வெல்லப்பாகு தொட்ட ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படகு நிறைய ஹெர்ரிங் மீன்.

இரண்டு வருடம் துறையில் அவன் பெயர் 'ஓவர்டியூ கிளேட்டன்'. நடனத்துக்குப் போனால், "வந்துட்டியா? தேட ஆள் அனுப்பலாம்னு இருந்தோம்" என்பார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து தொப்பியை மேஜைமேல் எறிந்தான்.

"அக்கா, இனிமே என் பேரோட சேத்து அந்த வார்த்தைய நீ எடுக்கக் கூடாது. செத்தாலும் எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

வெர்னா எதையும் மறக்கிறவள் இல்லை.

1983 நவம்பர் 22. காலை ஏழு மணிக்கு ரேடியோவில் கிளேட்டனின் குரல் வந்தது. "அக்கா, நானும் ஹெட்லியும் பிளாக் ஹெட் தாண்டி வலை எடுக்கப் போறோம். ஒண்ணரைக்கு வந்துருவோம். கோழிக்குழம்பு வைக்கிறியா?"

"வாலைச் சுருட்டிக்கிட்டு நேரத்துக்கு வா, வைக்கிறேன்."

நோட்டில் படகின் பெயர் போட்டு எழுதினாள்: டோரதி ஜே. இருவர். பிளாக் ஹெட் அப்பால். 1.30. அதற்கு எதிரே, வழக்கம்போல, 2.30.

பத்து மணிக்கு மேல் காற்று திரும்பியது. தென்மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது வடமேற்காகி, பன்னிரண்டுக்குள் துறை வாயில் முழுவதும் வெள்ளை நுரை. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டின. ஒன்றரை அடித்தது. டோரதி ஜே வரவில்லை. முனைக்கு அந்தப் பக்கம் போனால் ரேடியோ எட்டாது. அதனால் சத்தமில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டு மணிக்கு ஹெட்லியின் மனைவி மர்ட்டில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தூரத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடமே ஆன, அதிர்ந்து பேசாத பெண். கையுறையைக் கழற்றவில்லை.

"வந்துருவாங்கல்லக்கா?"

"லேட்தான் கண்ணு. வலை கனமா இருக்கும்."

இரண்டே கால். இரண்டு இருபத்தைந்து. குழம்பு அடி பிடிக்கும் வாசனை வந்தது. வெர்னா அடுப்பை அணைத்தாள். இரண்டரை.

அவள் கை மைக்குக்குப் போனது. அதே நேரம் ரேடியோ கரகரத்தது. கார்ஃபீல்ட் பட்ஜெல், துறையிலேயே மூத்த படகுக்காரர், வாய்த்துடுக்கு அதிகம்.

"என்ன வெர்னா, உன் தம்பி இன்னும் வரலையா? குடிசையில டீ போட்டுட்டானோ? பழைய ஞாபகம் வந்துருச்சு போல!"

இன்னொரு படகிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

வெர்னா மைக்கை விட்டுவிட்டாள். பதினான்கு வருடத்துக்கு முன் மேஜைமேல் விழுந்த தொப்பி கண்முன் வந்தது. காற்று இப்படி அடிக்கும்போது கெட்டிக்காரன் என்ன செய்வான்? குடிசை ஓரம் ஒதுங்குவான். கிளேட்டன் கெட்டிக்காரன். ஒதுங்கித்தான் இருப்பான். இந்தக் கடலில் எட்டுப் படகைக் கிளப்பிவிட்டு, அவன் திரும்பவும் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தால்?

"ரெண்டரை ஆச்சேக்கா," என்றாள் மர்ட்டில்.

"தெரியும்."

"ஒரு மணி நேரந்தானே பொறுப்பீங்க?"

"தெரியும்னு சொல்றேன்ல."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தாள். மணி பார்ப்பதுதான் அவள் வேலை; ஜன்னல் பார்ப்பது அல்ல. கடலில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

இரண்டு நாற்பத்தைந்து. மர்ட்டில் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்திருந்தாள். "அக்கா, சொல்லிருங்க. தப்பாப் போனா போகட்டும். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். மர்ட்டில்தான் அழுது சொல்ல வச்சான்னு சொல்லுங்க."

அந்தச் சொற்கள் வெர்னாவைச் சுட்டன. அப்படி அழுது சொல்ல வைத்தவள்தான் அவளும்.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றாள். தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. யாரிடம் கெஞ்சினாள் என்று தெரியவில்லை.

பத்து நிமிடம் போனது. இன்னொரு பத்து. நவம்பரில் நாலே காலுக்கு வெளிச்சம் போய்விடும். பிளாக் ஹெட் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அவளுக்குத் தெரியாத கணக்கு இல்லை. மனதுக்குள் கூட்டிக்கூட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் விடை சின்னதாகிக்கொண்டே வந்தது. மூன்று பத்துக்கு மைக்கைப் பிடித்தபோது விரல் அதன் பொத்தானில் நிற்காமல் வழுக்கியது.

"எல்லாப் படகுக்கும். எல்லாப் படகுக்கும். டோரதி ஜே, ரெண்டு பேர், பிளாக் ஹெட் அப்பால். ஓவர்டியூ."

 ரேடியோவில் கார்ஃபீல்டின் குரல் வந்தது. அதில் துடுக்கு இல்லை.

"ரெண்டரைன்னு நெனச்சேனே, வெர்னா."

"ரெண்டரைதான்."

"கிளம்பிட்டேன்."

காவல் படைக்கு போன் போட்டுவிட்டு, நோட்டில் எழுதினாள். அவள் கை பொய் எழுதிப் பழகியதில்லை. 2.30 ஓவர்டியூ. 3.10 சொன்னது.

நான்கு மணிக்குக் கார்ஃபீல்ட் முனையைச் சுற்றினார். அதன்பின் ரேடியோ எட்டவில்லை. சமையலறையில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தேகாலுக்கு, முனைக்கு இந்தப் பக்கம் திரும்பியதும், கார்ஃபீல்ட் ரேடியோவில் பேசினார்.

"படகு கவுந்திருந்துச்சு. கிளேட்டன் மேல கெடந்தான். உசுர் இருக்கு." ரேடியோ கரகரத்தது. "மர்ட்டில் அங்க இருக்காளா வெர்னா?"

"இருக்கா."

"அவளைப் புடிச்சுக்கோ."

வெர்னா கையை நீட்டினாள். மர்ட்டில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றாள். பிடிக்க விடவில்லை.

ஹெட்லி மூன்றாம் நாள் கிடைத்தான்.

கிளேட்டன் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நான்காம் நாள்தான் பேச்சு ஒழுங்காக வந்தது. வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி பேசினான்.

"ஹெட்லி கையில கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்துச்சுக்கா. ஒரு மணி வாக்குல கவுந்தோம். அவன் பயந்துட்டான். நான் சொன்னேன், 'டேய், எங்கக்கா இருக்காடா. ரெண்டரை அடிச்சா சொல்லிருவா. கிங் ஜார்ஜே படகுல இருந்தாலும் ஒரு நிமிஷம் கூடக் குடுக்க மாட்டா. மூணேகாலுக்குப் படகு முனையைச் சுத்தும், அதுவரைக்கும் புடிச்சுக்கோ'ன்னேன். அவனும் புடிச்சுக்கிட்டான். ரெண்டரைக்குச் சிரிச்சான்கூட. 'வெர்னாக்கா சொல்லிருப்பாங்க'ன்னான்."

ஆரஞ்சுத் தோல் அவள் மடியில் விழுந்தது.

"மூணேகாலுக்குத் தலையைத் தூக்கி முனையைப் பாத்தான். ஒண்ணும் வரல. மூணரைக்குப் பாத்தான். அப்புறம் கடிகாரத்தைப் பாக்கலக்கா. நான் பேசப் பேச, கையை விட்டுட்டான்."

பிறகு, "எப்பச் சொன்ன?" என்றான்.

"மூணு பத்துக்கு."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கோபமில்லை. புரியவில்லை என்பது போல ஒரு பார்வை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"ஏன்?"

"உன் பேரோட அந்த வார்த்தைய எடுக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"எப்போ?"

அவனுக்கு நினைவே இல்லை. தொப்பி எறிந்ததைச் சொன்னாள். நாளும் கிழமையும் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அது ஏதோ சின்னப் பய கோவத்துல சொன்னதுக்கா. அதையா வச்சிருந்த?"

ஹெட்லியை அடக்கம் செய்த மறுநாள், வெர்னா நோட்டை எடுத்துக்கொண்டு மர்ட்டிலின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மர்ட்டிலிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"எனக்கு எதுக்குக் காட்றீங்க? பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். மைக்கு எனக்கும் எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு," என்றாள் மர்ட்டில். கதவைச் சாத்தினாள். குளிர்காலம் முழுவதும் சர்ச்சில்கூட அவள் வெர்னா பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரலில் பனிக்கட்டி விலகியதும் வெர்னா கார்ஃபீல்டைக் கூப்பிட்டு, ரேடியோவை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.

"நானும் அன்னிக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் வெர்னா. யாருகிட்டக் குடுக்கிறது? நீயே சொல்லு."

"என்னால முடியாது. திரும்பவும் கிளேட்டன் லேட்டானா, நான் திரும்பவும் ஜன்னலைத்தான் பாப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். யாரிடம் என்ன சொன்னாரோ, மூன்றாம் நாள் காலை ஆறரைக்குச் சமையலறைக் கதவு தட்டாமல் திறந்தது. மர்ட்டில். கையில் ஒரு அலாரம் கடிகாரம். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மத்த படகெல்லாம் நீங்க பாத்துக்கங்க. கிளேட்டன் பேருக்கு நான் சொல்றேன். உங்களால முடியாது."

"முடியாது," என்றாள் வெர்னா.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

மே மாதம் கிளேட்டன் இரவல் படகு ஒன்றில் மறுபடி கடலுக்குப் போனான். எட்டு விரலோடு. நோட்டில் அவனுடைய வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது: ஒருவர். பிளாக் ஹெட் அப்பால். 1.00. அதற்கு எதிரே 3.00. மர்ட்டில் கடிகாரத்தை மூன்றுக்குத் திருப்பி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. வெர்னா சிங்குக்குமுன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று உருளைக்கிழங்கு உரித்தாள். தேவைக்கு மேல் உரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டே முக்காலுக்கு மர்ட்டில் கையுறையைக் கழற்றி, விரலை மைக்கின் பொத்தான்மேல் வைத்துக்கொண்டாள். அந்த விரல் வழுக்கவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ரேடியோ கரகரத்தது.

"அக்கா, முனையைச் சுத்திட்டேன். இன்ஜின் மக்கர் பண்ணிடுச்சு."

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். மர்ட்டில் விரலை எடுத்தாள். அலாரத்தை அணைத்தாள். பென்சிலை நாக்கில் தொட்டு, அவன் பெயருக்கு எதிரே மெதுவாக எழுதினாள்: லேட்.