கோலமாவில் புகார் எண்

மதுரையின் தெற்கு ஓரத்தில் ஊர் திரும்பப் பேருந்துக்காக நிற்கிறேன். காலை ஏழு மணி. சாக்கடை மூடியைத் தாண்டிக் கழிவுநீர் வழிந்து தெருவில் ஓடுகிறது. பக்கத்தில் காய்ந்த தார்ச்சாலையில், தையல் கடை நடத்தும் பத்மா கோலமாவால் பெரிதாக ஓர் எண் எழுதுகிறார்.

“என்னங்க இது?”

“புகார் நம்பர்ண்ணே. மாநகராட்சி ஆப்புல ரெண்டு தடவ போட்டோம். ரெண்டு தடவையும் வேற ஏதோ தெருவப் போட்டோ பிடிச்சு, வேலை முடிஞ்சதுன்னு போட்டுட்டாக. இனிமே இந்த நம்பர் தெரியாத போட்டோவ ஒத்துக்க மாட்டோம்.”

பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் அவரவர் கைபேசியில் அந்த எண்ணும் வழியும் சாக்கடையும் சேர்ந்து தெரியும்படி படமெடுத்துத் தனித்தனியே புகார் பதிகிறார்கள். எங்கள் ஊரில் நானும் ஒருமுறை இப்படிப் புகார் போட்டேன். ‘முடிந்தது’ என்று பதில் வந்ததும் விட்டுவிட்டேன்.

“வண்டி ஏறுனா அழிஞ்சிருமே?”

“அழியட்டும். வாசல்ல தெனமும் போடுறோம்ல. இதுக்கு எம்புட்டு நேரமாகும்?”

பேருந்து வருகிறது, ஏறிக்கொள்கிறேன். கிளம்பும்போது அதன் சக்கரமே எண்ணின் பாதியை அழிக்கிறது. பின் கண்ணாடி வழியே பார்க்கிறேன். கோலமாவுக் கிண்ணத்தோடு பத்மா மறுபடி குனிகிறார்.