அசையாமல் உட்காரத் தெரிந்தவர்

மாடி வீட்டுக்காரர் பேப்பரில் அரைப் பத்தி படித்ததும் எழுந்துவிடுவார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு வட்டம், ஜன்னல் வரை ஒரு நடை, திரும்பி நாற்காலி. மீதி அரைப் பத்தி. மறுபடி எழுந்து வட்டம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் வெள்ளை வில்லை சட்டைப் பொத்தானில் மோதி டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். “நடக்கறேன் தாயே, நடக்கறேன். உயிரோடதான் இருக்கேன்” என்று அலமாரி மேலிருக்கும் பெட்டியிடம் சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போவார்.

பெட்டி பதில் பேசாது. அவர் கழுத்து வில்லை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். “தாங்கள் நலமாக உள்ளீர்களா? நலம் எனில் பச்சை விசையை அழுத்தவும்” என்று ஒரு பெண் குரல் வரும். எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தானோ! நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவள். எனக்கே வீட்டுக்குள் ஒருத்தி ‘தாங்கள்’ என்றால் சிவப்புப் பேனாவைத் தேடத் தோன்றுகிறது. பச்சை விசை அந்தப் பெட்டியிலேயே இருப்பதால் எழுந்து போய்த்தான் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வெளியூரில் இருக்கும் அவர் மகளுக்குப் போன் போகும். மகள் எடுக்காவிட்டால் எனக்கு. நான் கீழ் வீட்டுக்காரி, அவருடைய தரைதான் எனக்குக் கூரை, மாற்றுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்ள வேறென்ன தகுதி வேண்டும்?

தெருவில் அவரைக் கிரேன்காரர் என்பார்கள். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கியவர். காலையில் ஏணி ஏறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார். அதுவரை அசைவது கண்ணும் விரல்களும் மட்டும். “நான் தும்மினா கீழ ஒருத்தன் தலை போயிடும்மா” என்பார். ஓய்வு பெற்றும் அந்த உட்கார்கிற பழக்கம் அவரை விடவில்லை. சதுரங்கப் பலகையை விரித்து வைத்துத் தனக்குத் தானே எதிராளியாக ஆடுவார். ஒரு காயை நகர்த்த ஒரு காலைப் பொழுது ஆகும். புறங்கையில் ஈ வந்து உட்கார்ந்தால் ஈக்குத்தான் அலுத்துப்போகும். இப்பேர்ப்பட்ட மனுஷரைத்தான் அந்தப் பெட்டி, ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டியது.

பெட்டியை வைத்தது மகள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. எதையும் ரிசல்ட் கைக்கு வந்தால்தான் நம்புவாள். அம்மா காலமான பிறகு அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் பார்த்தாள். “உன் வீட்டுல எனக்கு என்ன வேலை? ஹால்ல சோபா மாதிரி கிடக்கணும், அவ்வளவுதானே?” என்று மறுத்துவிட்டார். வாக்குவாதம், அழுகை, கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவள் சொல்கிற கருவி எல்லாவற்றையும் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியது, அவர் பாட்டுக்குத் தனியாக இருக்க வேண்டியது. “ஆனா ஒண்ணுப்பா. ஒரே ஒரு தடவை விழுந்தீங்க, அன்னிக்கே மூட்டை கட்டிடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது.” என்னைச் சாட்சி வைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.

சாமான்கள் வந்து இறங்கின. அடுப்புக்கு ஒரு காவல். ஆள் சமையலறையை விட்டு நகர்ந்தால் கேஸ் தானாக நின்றுவிடும். “டீ கொதிக்கற வரைக்கும் நான் அடுப்பு பக்கத்துலயே நிக்கணுமாம். யாருக்கு யாரு காவல்?” கட்டிலுக்கு அடியில் ஒரு விளக்கு, கால் தரையில் பட்டதும் எரியும். “திருடன் வந்தா பாவம், தடுமாற வேண்டாம் பாருங்க.” குளியலறையில் எஃகுக் கைப்பிடிகள் வந்தன. அவை மட்டும் அவருக்குப் பிடித்துப்போயின. துவைத்த பனியனும் துண்டும் காயப்போட வாகாக இருந்தனவே! “சார், அது பிடிச்சுக்கறதுக்கு” என்று ஒருநாள் சொன்னேன். “சும்மா இருக்கற நேரத்துல ஏதாவது வேலை செய்யட்டும்மா” என்றார்.

வம்பெல்லாம் கழுத்து வில்லையோடுதான். அவர் குதிரையைக் கையில் எடுத்துக்கொண்டு யோசிப்பார். பெட்டி ‘தாங்கள் நலமா’ என்று தொடங்கும். அவர் காதில் எதுவும் விழாது. மகள் லேபில் கையுறையோடு இருப்பாள், எடுக்க மாட்டாள். உடனே என் போன் அலறும். சோப்பு நுரைக் கையோடு, எரிகிற அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடுவேன். கதவைத் திறந்தால், குதிரையும் கையுமாகச் சாவதானமாக நிமிர்ந்து பார்ப்பார்.

“என்னம்மா, இப்படி மூச்சு வாங்குது? உட்காருங்க.”

“நீங்க உட்கார்ந்ததுதான் சார் பிரச்சினையே!”

பாவம், அதன்பிறகுதான் நடக்க ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்க அசையாமல் இருந்து சம்பாதித்தவர், கூண்டில் அடைத்த மாதிரி ஹாலுக்கும் அறைக்கும் அலைந்தார். சதுரங்கப் பலகை மடிக்கப்பட்டுப் பரணுக்குப் போனது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் எழுந்துவிடுவார். “மூக்கணாங்கயிறும்மா இது. மாடாவது நின்ன இடத்துல அசை போடும்” என்று வில்லையை உலுக்கிக் காட்டுவார். குரலில் எரிச்சல் ஏறியிருந்தது.

எனக்கும் நிம்மதி போனது. மேலே அவர் நடக்க, கீழே நான் திருத்திய வரியையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். நடை நின்றால் இன்னும் மோசம். ஏன் நின்றது? உட்கார்ந்தாரா, விழுந்தாரா? பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். “உனக்கும் ஒரு வில்லை மாட்டிடலாமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கென்ன, இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குகிறவர்.

பிறகு திடீரென்று எல்லாம் அடங்கியது. மேலே நடை இல்லை, எனக்குப் போனும் வரவில்லை. ஒருநாள் அவர் கேட்ட கண் மருந்தைக் கொடுக்கப் போனேன். கதவைத் திறக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மேஜையில் சதுரங்கப் பலகை மறுபடி விரிந்திருந்தது. வில்லை கழுத்தில் சமர்த்தாகத் தொங்கியது. முகத்தில் பழைய அமைதி.

“என்ன சார், பெட்டிக்கார அம்மா சமாதானம் ஆயிட்டாங்களா?”

“நடக்கறதுக்கு ஒரு ஆள் போட்டுட்டேன்” என்றார்.

அவருடைய வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் ஒரு முற்பகலில் மகள் கூப்பிட்டாள். லேபில் இடைவேளை போலிருக்கிறது, குரலில் அப்படி ஒரு குதூகலம். “அக்கா, அப்பா இன்னிக்கு அசத்தறார்! எழுந்ததுலேருந்து நடந்துகிட்டே இருக்கார். வில்லை சொல்றதை போன்ல பார்த்தேன், ஒரு இடத்துலகூட நிக்கவே இல்லை. நான் பயந்ததெல்லாம் வீண்தான்க்கா.”

போனைக் காதில் வைத்தபடியே கூரையைப் பார்த்தேன். ஒரு காலடிச் சத்தம் இல்லை. காலையிலிருந்தே இல்லை. அதை நான் நிம்மதி என்று நினைத்து உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். “இரும்மா, ஒரு நிமிஷம்” என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஹாலில் யாரும் இல்லை. மேஜை ஃபேன் மட்டும் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதன் கம்பி முகத்தில் வில்லையைக் கயிற்றோடு கட்டியிருந்தார். ஃபேன் திரும்பத் திரும்ப அது ஆடி ஆடிக் கம்பியில் தட்டியது. அவர் வேலைக்குப் போட்ட ஆள் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

“சார்!”

“குளிக்கறேம்மா. அப்புறம் வாங்க.” குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தண்ணி சத்தமே இல்லையே சார்?”

“சோப்பு போட்டுட்டிருக்கேன்.”

“எப்போலேருந்து?”

கதவைத் தள்ளினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பிறகு, அவரிடம் நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்: “வழுக்கிடுச்சும்மா. எழுந்திருக்க முடியலை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் அதை வைக்கவே இல்லை. “அப்பா... அப்பா...” என்று அதற்குள்ளிருந்து அவள் கத்துவது கேட்டது.

என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு கடப்பாரையை எடுத்து வந்தார். உள்ளே கிடந்தபடியே கிரேன்காரர் அவருக்கு உத்தரவு போட்டார். “தள்ளாதே, கதவுக்குப் பின்னாடிதான் கிடக்கேன். நிலைப் பக்கமா விட்டு நெம்பு. மெதுவா. இன்னும் கொஞ்சம். நிறுத்து!” தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. தூக்கும்போதும் வாய் ஓயவில்லை. “ஒரு பக்கமாத் தூக்கினா லோடு சாயும்ப்பா. அக்குளுக்குக் கீழ ரெண்டு கையும் கொடு. ஆங், அப்படித்தான்.” அவர் இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலது கையில் ஓர் ஈரப் பனியனை இறுக்கிப் பிடித்திருந்தார். வழுக்கியபோது கைப்பிடியைத்தான் எட்டிப் பிடித்தாராம், கைக்கு வந்தது அதன்மேல் தொங்கிய பனியன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. இடுப்பு தப்பித்தது. அன்று மாலையே மகள் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நேராக ஃபேன் முன்னால் போய் நின்றாள். வில்லை இன்னும் அதில்தான் இருந்தது.

“இத்தனை நாளா நான் ஃபேனைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேனாப்பா?” என்றாள். சிரிக்கத் தொடங்கிய முகம் பாதியில் உடைந்து போனது.

கம்பெனிக்குப் போன் செய்து சண்டை பிடித்தாள். எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் பெட்டி கூப்பிட வேண்டும் என்பதை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாமாம். “நீங்க கேட்கலையே மேடம்” என்றார்களாம். யார் கேட்டது? அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவள் சூட்கேஸைக் கட்டில்மேல் திறந்து வைத்து அவருடைய சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

நேற்று காலை பிய்ந்த குளியலறைக் கதவைச் சரிசெய்யத் தச்சர் வந்தார். நான் காபி கொண்டு போனேன். கிரேன்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நடக்கவில்லை. அவள் பேண்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“விழுந்ததுக்காக இல்லப்பா. யாரு வேணா விழலாம்” என்றாள் அவள், நிமிராமலே. “அவகிட்ட சொல்லிடாதீங்கன்னு சொன்னீங்களே. எனக்குக் கேட்டுதுப்பா. அங்க கிடந்துகிட்டு, அந்த வலியிலயும், எங்கிட்ட மறைக்கணும்னுதான் உங்களுக்குத் தோணியிருக்கு.”

“சொன்னா நீ கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயம்.”

“என் வீடு அவ்வளவு மோசமா?”

“உன் வீட்டுக்கு என்ன குறைச்சல்? அங்க நான் பேசாம உட்கார்ந்திருப்பேன். நீ நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பே. அப்புறம் நீயே அந்தப் பெட்டி ஆயிடுவே. எனக்கு நீ மகளா வேணும்.”

அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள். யார் பக்கம் பேசுவது? அவள் இடத்தில் இருந்தால் நானும் சூட்கேஸைத்தான் திறந்திருப்பேன். காபி யாரும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

தச்சர் பழைய ஆணித் துளைகளை அடைத்துவிட்டு, கையில் புதுத் தாழ்ப்பாளோடு அறை வாசலில் வந்து நின்றார். “எந்த உயரத்துல போடட்டும் சார்?”

கிரேன்காரர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். “கதவு சும்மா சாத்தினாப் போதும்ப்பா” என்று தச்சர் கையிலிருந்த தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டார். கட்டிலருகே போய், சூட்கேஸிலிருந்த தன் சட்டைகளை நல்ல கையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு பேண்ட்டுகளை. எல்லாம் காலியானதும் தாழ்ப்பாளை மட்டும் உள்ளே வைத்து, மூடியைக் கவிழ்த்து, ஜிப்பை இழுத்தார். ஒற்றைக் கைக்கு அது இழுபடவில்லை. சூட்கேஸ்தான் கூடவே நகர்ந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி நகர்ந்தது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, சூட்கேஸ் நகராதபடி அதன் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.