மணி சொல்லும் டப்பி

“இப்ப!” என்றார் கணவர், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் விசையைத் தட்டினாள். கணினியின் கடிகாரம் அந்த இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

“இப்பன்னா எப்பங்க? முள்ளு வந்தப்பவா, வாயத் திறந்தப்பவா?”

“முள்ளு வந்துச்சு, பாத்தேன், சொன்னேன்.”

“அதுக்குள்ள ஒரு விநாடி போயிடுச்சு. எச்சில் முழுங்கினதுல இன்னொண்ணு.”

“விநாடிக்கெல்லாமா சண்டை? வேன்ல நான் அரை மணி லேட்டாப் போனாலே யாரும் கேக்கறதில்ல.”

“கேக்க மாட்டாங்க. மறுநாள் வேற வேன்ல ஏறிடுவாங்க.”

திரையில் மஞ்சளாக ஒரு கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல், வழக்கமான அலைவரிசை; அது அவள் தம்பி. எங்கோ கடலோர ஊரில் உட்கார்ந்து வானொலியில் அக்காவைக் கூப்பிடுகிறான். கோடு தெரிந்தது, எழுத்து வரவில்லை.

அக்காவும் தம்பியும் ஒன்றாகப் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியவர்கள். இந்த முறையில் குரல் கிடையாது. கணினி எழுத்தை ஒலியாக்கி அனுப்பும், மறுமுனைக் கணினி அதை எழுத்தாக்கும். பதினைந்து விநாடி ஒருவர் முறை, அடுத்த பதினைந்து மற்றவர் முறை. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒலி வெறும் கோடாக விழும்.

அம்மாவின் அறுவை சிகிச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள். அம்மா பிழைக்கவில்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்ற தம்பி அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு பிற்பகல், யாராவது இருக்கிறீர்களா என்று அவள் வானொலியில் பொதுவாகக் கேட்டபோது, பதில் சொன்னது அவனுடைய அழைப்புக்குறி, உரிமத்தோடு அவனுக்குக் கொடுத்த அடையாள எழுத்துகள். பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை. குறி, ஒலியின் பலம், வாழ்த்து, அவ்வளவுதான். இஷ்டப்பட்டதை எழுத ஆங்கில எழுத்தில் பதின்மூன்று இடம் உண்டு. அதை இருவருமே தொட்டதில்லை.

அவள் அணையின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிறவள். குடியிருப்பு அணைச்சுவருக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. அங்கே செல்போன் எடுக்காது. இணையக் கம்பியைப் போன மாதம் இடி கருக்கிவிட்டது. அதுவரை இணையத்தில் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்ட கணினி அன்றிலிருந்து தன் போக்கில் ஓடியது. வேன் ஓட்டும் கணவர் பஸ் நிலையக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வருவார். அந்தக் கடிகாரமோ பஸ்களைப் போலத்தான் ஓடியது.

“அக்காவே விட்டுட்டான்னு நினைச்சிருப்பான்” என்றாள், கோடு நின்றதும்.

 அந்த வாரம் நடுவில் கணவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பியை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே நீள வயர். வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் கருவி மாட்டுகிறவர் ஒருவர் அவருக்குப் பழக்கம். பழைய வண்டியிலிருந்து கழற்றியதைச் சும்மாவே கொடுத்திருந்தார்.

“செயற்கைக்கோள்ல மணி எப்பவும் வந்துக்கிட்டே இருக்காம். இது பிடிச்சுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். வானத்தைப் பாக்கணும், அவ்வளவுதானாம்.”

அறையிலிருந்து பார்த்தால் அணைச்சுவர்தான் தெரியும். ஞாயிறு மதியம் கணவர் டப்பியை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வயரை ஜன்னல் வழியாக இறக்கினார். அதற்கான புரோகிராமை அவள் திறந்தாள். செயற்கைக்கோள்கள்: பூஜ்யம். அரை மணி காத்தாள். பூஜ்யமேதான். தம்பி வரும் நேரம் நெருங்கிவிட்டது. மாடிக்கு ஓடினாள்.

டப்பியைக் காணோம். அலுமினிய அன்னக்கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது, மேலே ஒரு செங்கல்.

“மேகம் கறுத்துச்சு. நனைஞ்சிடுமேன்னு மூடி வெச்சேன்” என்றார் பின்னாலேயே வந்த கணவர்.

“வானத்தைப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!”

“பாக்கணும்னார். நனையணும்னு சொல்லலையே.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாத்திரத்தை எடுத்தாள். தூறல் விழ ஆரம்பித்தது.

“குடையாவது பிடிக்கலாமா?”

“துணிதானே, பிடிங்க.”

கீழே வந்தாள். திரையில் பூஜ்யம் மாறியிருந்தது: மூன்று, ஐந்து, ஏழு. ஒவ்வொன்றும் எங்கோ தலைக்கு மேலிருந்து யாரென்று கேட்காமல் மணி சொன்னது. அணைக்குக் கீழே இருப்பவளுக்கும் ஒரே மணிதான். கணினியின் கடிகாரம் ஒரு குதி குதித்துச் சரியான இடத்துக்கு வந்தது. பதினோரு விநாடி பின்னால் இருந்திருக்கிறது.

மஞ்சள் கோடு இறங்கியது. கோடு முடிந்ததும் அருகில் எழுத்து விழுந்தது. அவள் குறி, அவன் குறி. பதில் அனுப்பினாள். பலம் வந்தது, பலம் போனது. வாழ்த்து மட்டும் மிச்சம். அந்த இடத்தில் வேறொன்று வந்தது.

கோடு பார்த்தேன்.

இரண்டு முறை படித்தாள். அவன் திரையிலும் இவள் கோடு விழுந்திருக்கிறது. இந்த மாதம் எல்லா ஞாயிறும். அக்கா விட்டுவிடவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பதிலுக்குப் பதினைந்து விநாடிதான். எழுதியது நீளம், அழித்தாள். அடுத்ததும் நீளம். ஆங்கில எழுத்தில் விரல்விட்டு எண்ணினாள், இடைவெளியோடு சரியாகப் பதின்மூன்று வந்தது. அனுப்பினாள்.

நானும் தம்பி.

மொட்டைமாடியிலிருந்து குரல் கேட்டது: “இன்னும் பிடிச்சிருக்கணுமா?”

“கீழ வாங்க” என்றாள்.  துண்டை எடுத்துக்கொண்டு படிவரை போனாள். அவர் குடையை மடித்துக்கொண்டு இறங்கினார், ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. தலையைத் துவட்டிவிட்டாள். தாங்க்ஸ் என்று அவர்களுக்குள் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னாள்.

“எனக்கெதுக்கு? டப்பி குடுத்தவருக்குச் சொல்லு.”

“அவருக்கும்தான்.”

மறுநாள் திங்கட்கிழமை. அவளுக்குக் காலை ஷிஃப்ட். இரண்டாவது மோட்டாரில் தண்ணீர் சொட்டியது, போல்ட்டை முறுக்கினாள், நின்றது. இணையக் கம்பி பார்க்கும் ஊழியர் வந்து, சாமான் வர இன்னும் நாளாகும் என்று சொல்லிப் போனார். மதியம் சாப்பிட்டாள். மழை வலுத்ததால் பம்புகளைச் சீக்கிரம் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். கணவர் வேனை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டு இருட்டுமுன் திரும்பினார்.